பீர் பாட்டிலுக்குள் ஆக்சிஜன்: மீட்டர் காட்டும் 40-ம், காட்டாத மீதியும்

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் திருமங்கலத்துக்காரர். மதுரையில் வேதியியல் படித்துவிட்டு, சென்னைக்கு அருகே ஒரு பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்திருக்கிறார். அங்கே கையடக்க மீட்டரில் பாட்டில் பீரின் கரைந்த ஆக்சிஜன் 40 பி.பி.பி. (நூறு கோடியில் 40 பங்கு) என்று வருகிறது. நல்ல எண் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் விடுமுறையில் ஊருக்கு வந்து அதே பீரை மதுரையில் வாங்கித் திறந்தால் நனைந்த அட்டையின் வாடை. மீட்டர் பழையது என்பதால் தவறாகக் காட்டுகிறதா, புதிதாக எதை வாங்கச் சொல்லலாம், கல்லூரியில் வைகைத் தண்ணீரைச் சோதிக்க வைத்திருந்த டி.ஓ. (கரைந்த ஆக்சிஜன்) மீட்டர் போன்ற மலிவான ஒன்று போதாதா என்று கேட்டிருக்கிறார். மாதிரியை எங்கே, எப்படி எடுக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டதற்கு, "பாஸ்டரைசர் (மூடிய பாட்டிலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரம்) தாண்டி, லேபிள் ஒட்டும் இடத்தில் எடுக்கிறோம் அண்ணா. ஆட்டாமல் அப்படியே துளைத்து அளக்கிறோம்" என்று பதில் வந்தது.

தம்பி, உங்கள் மீட்டர் சரியாகவே இருக்கலாம். 40 என்று காட்டினால், அந்த நேரத்தில் அந்த பீரில் கரைந்திருந்தது ஏறக்குறைய 40 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூடி விழுந்த நொடியில் பாட்டிலுக்குள் சிக்கிய ஆக்சிஜன் மொத்தம் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. பீரைக் கெடுப்பது அந்த மொத்தம். அதைத் தெரிந்துகொள்ள, செலவே இல்லாத இரண்டு மாற்றங்களை முதலில் செய்யுங்கள்: மாதிரி எடுக்கும் இடத்தை மாற்றுங்கள், துளைப்பதற்கு முன் பாட்டிலை ஆட்டுங்கள். கருவி வாங்கும் பேச்சு அதற்குப் பிறகுதான். மாதிரி எடுக்கும் முறை திருந்தாமல் எவ்வளவு விலை உயர்ந்த கருவி வந்தாலும் பணம் வீண்.

வைகைத் தண்ணீர் மீட்டரை முதலில் முடித்துவிடுகிறேன். ஆற்றில் மீன் பிழைக்க லிட்டருக்கு 4, 5 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். காற்றோடு நன்றாகக் கலந்த தண்ணீர் 30 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் வரை பிடித்து வைக்கும். அந்த மீட்டர்கள் இந்த எல்லைக்காகச் செய்யப்பட்டவை. 0.1 மில்லிகிராம் முன்பின் ஆனால் ஆற்று நீர்ச் சோதனைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பீரில் நாம் பேசும் பி.பி.பி. என்பது நூறு கோடியில் ஒரு பங்கு. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் 0.1 மில்லிகிராம் என்றால் 100 பி.பி.பி. ஆற்று மீட்டர் பிழை என்று ஒதுக்கிவிடும் அளவே, நல்ல ஆலை ஒரு பாட்டிலுக்கு அனுமதிக்கும் மொத்த ஆக்சிஜனுக்குச் சமம். ஆகவே அது உதவாது. நைட்ரஜன் அடைத்து நொறுக்குத்தீனி பாக்கெட் போடுகிறவர்கள் ஊசி குத்திப் பார்க்கும் கருவியும் உதவாது. அது சதவீதத்தில் பேசும் கருவி. பீர் பாட்டிலின் கழுத்தில் உள்ள காலி இடத்தில் 0.1 சதவீதம் ஆக்சிஜன் இருந்தாலே நமக்கு அது பெரிய தொகை.

இனி கணக்குக்கு வருவோம். இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் கருவிகளைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

20 டிகிரியில் 1 மில்லி காற்றில் சுமார் 0.28 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 650 மில்லி பாட்டிலில் 1 மில்லி காற்று சிக்கினால், லிட்டருக்குக் கணக்கிட்டால் 430 பி.பி.பி. வருகிறது. கால் மில்லி காற்று, அதாவது சொட்டு மருந்துக் குழாயில் ஐந்து சொட்டு விழும் கன அளவு, 100 பி.பி.பி.-யைத் தாண்டிவிடுகிறது. அதே கால் மில்லி 330 மில்லி பாட்டிலில் சிக்கினால் 200-க்கு மேல். சின்னப் பாட்டில்கள் சீக்கிரம் கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மொத்தம் 100-க்குள் இருக்க வேண்டும் என்பது ஆலைகள் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. நல்ல லைன்கள் (பாட்டில் நிரப்பும் இயந்திர வரிசைகள்) 50-க்குக் கீழே கொண்டுவருகின்றன.

இந்தக் காற்று எங்கே உட்கார்ந்திருக்கிறது? பெரும்பகுதி பீருக்கு மேலே, கழுத்தில் இருக்கும் காலி இடத்தில். லைனில் அதை ஹெட்ஸ்பேஸ் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். மூடிய பாட்டில் அசையாமல் நின்றால் ஹெட்ஸ்பேஸில் இருக்கும் ஆக்சிஜன் பீருக்குள் இறங்க வெகுநேரம் பிடிக்கும். கழுத்து குறுகியது, பீரின் மேற்பரப்பு சிறியது. அதனால் ஆட்டாத பாட்டிலைத் துளைத்து அடியிலிருந்து பீரை எடுத்து அளந்தால், மேலே இருப்பது கணக்கில் வரவே வராது. கரைந்தது 40, ஹெட்ஸ்பேஸில் கால் மில்லி காற்று என்றால் உண்மையான மொத்தம் 147. உங்கள் பதிவேட்டில் 40 என்றுதான் இருக்கும்.

ஆட்டினால் என்ன ஆகும்? ஐந்து நிமிடம் ஒரே சீராக ஆட்டினால் ஹெட்ஸ்பேஸும் பீரும் சமநிலைக்கு வந்துவிடும். ஆக்சிஜனுக்குத் திரவத்தைவிட வாயுவில் இருப்பதுதான் பிடிக்கும். சமநிலை வந்த பிறகும், 20 டிகிரியில் ஹெட்ஸ்பேஸின் ஒவ்வொரு மில்லியிலும் பீரின் ஒரு மில்லியில் இருப்பதைப் போல ஏறத்தாழ 30 மடங்கு ஆக்சிஜன் இருக்கும். 5 டிகிரியில் இது சுமார் 23 மடங்கு. 30 டிகிரியில் சுமார் 34 மடங்கு. 650 மில்லி பீருக்கு 26 மில்லி ஹெட்ஸ்பேஸ் என்றால் அது 4 சதவீதம். 0.04-ஐ 30-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.2. இந்தப் பெருக்கு எண்ணை இசட் என்பார்கள். ஆட்டிய பாட்டிலில் மீட்டர் 40 காட்டினால், 20 டிகிரியில் மொத்தம் 88. அதாவது ஆட்டிய பிறகும் பாதிக்கு மேல் மேலேதான் இருக்கிறது. வெப்பநிலை மாறினால் இசட் மாறும். நிரப்பு மட்டம் மாறினாலும் மாறும். எல்லாப் பாட்டிலுக்கும் ஒரே எண்ணால் பெருக்கிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

ஹெட்ஸ்பேஸின் கன அளவை அறிய ஒரு தராசு போதும். பாட்டிலைத் திறப்பதற்கு முன் பீர் நிற்கும் மட்டத்தில் கண்ணாடியின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அளந்து முடித்துக் காலி செய்தபின் அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். பிறகு விளிம்பு வரை ஊற்றி மறுபடி எடை பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. கோடு போடும்போது பாட்டில் சமதளத்தில் நிற்க வேண்டும், கண் மட்டத்துக்கு நேராகப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் நுணுக்கம்.

அடுத்தது மாதிரி எடுக்கும் இடம். இதுதான் உங்கள் ஆலையில் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். நம் நாட்டுப் பாட்டில் பீரில் பெரும்பாலானவை மூடியபின் டனல் பாஸ்டரைசருக்குள் போகின்றன. 60 டிகிரி அளவுக்குச் சூடேறி வெளியே வருவதற்குள் பாட்டிலில் இருந்த ஆக்சிஜனில் பெரும்பங்கு பீரோடு வினைபுரிந்து முடித்திருக்கும். வெளியே வந்த பாட்டிலில் மீட்டர் தேடுவது, செலவானது போக மீந்த சில்லறையை. அதில் 40 வந்திருக்கிறதென்றால், உள்ளே போகும்போது எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாதிரியைக் கிரௌனருக்கும் (மூடி அழுத்தும் இயந்திரம்) பாஸ்டரைசருக்கும் நடுவில் எடுக்க வேண்டும். எடுத்த சில நிமிடங்களுக்குள் அளக்க வேண்டும். உடனே முடியாவிட்டால் ஐஸ் தண்ணீரில் போட்டு வையுங்கள். குளிரில் வினை மெதுவாகும். மத்தியானம் எடுத்து, சாப்பிட்டுவிட்டு வந்து அளந்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள்.

லைன் ஓடும்போது கிரௌனர் பக்கத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். நிரப்பிய பாட்டில் கிரௌனருக்குள் போவதற்கு முன் ஒரு மெல்லிய ஊசித் துவாரத்திலிருந்து சூடான சுத்த நீர் அதிக அழுத்தத்தில் பீருக்குள் பாயும். உடனே நுரை பொங்கி ஏறும். அந்த நுரைதான் கழுத்தில் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. நுரை விளிம்பைத் தொட்டு, சற்றே வழியத் தொடங்கும் நேரத்தில் மூடி விழ வேண்டும். நுரை பொடியாக, வெண்மையாக, அடர்த்தியாக இருக்க வேண்டும். பெரிய பெரிய குமிழிகளாக இருந்தால் அந்தக் குமிழிகளுக்குள் காற்றும் இருக்கும். விளிம்புக்கு ஒரு விரல் கீழே நுரை நிற்கும்போதே மூடி விழுந்தால், அந்த இடைவெளி முழுவதும் காற்று. ஜெட் எனப்படும் இந்த நீர்ப் பாய்ச்சலின் அழுத்தத்தில் சிறு மாற்றம் செய்தாலே மொத்த ஆக்சிஜன் பாதியாகக் குறைவதும் இரட்டிப்பாவதும் உண்டு. எந்த மீட்டரும் சொல்வதற்கு முன்பே கண் இதைச் சொல்லிவிடும். லைன் திடீரென்று நின்றால் ஃபில்லருக்கும் (பீர் நிரப்பும் இயந்திரம்) கிரௌனருக்கும் இடையே மாட்டிக்கொண்ட பாட்டில்களில் நுரை அடங்கிக் காற்று இறங்கிவிடும். அவற்றைத் தனியே எடுத்துவிட வேண்டும். ஃபில்லரில் ஒவ்வொரு வால்வுக்கும் எண் இருக்கிறது. ஏதோ நான்கு பாட்டிலை எடுத்துச் சராசரி போடாமல், வால்வு எண் குறித்து எடுங்கள். சராசரி நன்றாக இருக்கும்போதே ஒரு வால்வு மட்டும் தொடர்ந்து காற்று இழுத்துக்கொண்டிருக்கும். சராசரி அதை மறைத்துவிடும்.

இப்போது கருவிகள். பழைய ஆலைகளில் ஜாம் அண்ட் நேகல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் காற்றுச் சோதனைக் கருவியை இன்னும் பார்க்கலாம். மூடியைத் துளைத்து, வரும் வாயுவை காஸ்டிக் சோடாக் கரைசல் நிரம்பிய அளவுக்குழாய்க்குள் விடுவார்கள். கார்பன் டை ஆக்சைடை காஸ்டிக் விழுங்கிவிடும். மேலே மீந்து நிற்பது காற்று. அதை மில்லியில் படிக்க வேண்டியதுதான். எளிய, நேர்மையான கருவி. மின்சாரம் வேண்டாம். ஆனால் அது காட்டுவது காற்றின் கன அளவைத்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பது நம் அனுமானம். ஆக்சிஜனைப் பீர் தின்றுவிட்டு நைட்ரஜன் மட்டும் மீந்திருந்தாலும் குழாயில் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும்; மீதியைக் காற்று என்றே படித்துவிடுவோம். கால் மில்லியைச் சண்டை போட்டுப் படிக்க வேண்டிய இன்றைய லைனுக்கு அதன் துல்லியம் போதாது. கரைந்த ஆக்சிஜனை அயோடின் வழியாக அளக்கும் வின்க்ளர் முறையைக் கல்லூரியில் செய்திருப்பீர்கள். 1888-இல் வந்தது, தண்ணீருக்கு அருமையானது. பீரில் அதை முயலாதீர்கள். பீரில் இருக்கும் ஒடுக்கும் பொருள்கள் அயோடினைத் தாமே விழுங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும்.

அடுத்த தலைமுறை மின்வேதி சென்சார். லேலண்ட் கிளார்க் ரத்தத்தில் ஆக்சிஜன் அளப்பதற்காக உருவாக்கி 1956-இல் வெளியிட்ட மின்முனைதான் இதன் தாய். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு, அதன் பின்னால் மின்பகு கரைசல், பிளாட்டினம் அல்லது தங்க எதிர்மின்முனை, வெள்ளி நேர்மின்முனை. சவ்வைக் கடந்து வரும் ஆக்சிஜன் மின்முனையில் ஒடுங்கும்போது ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறோம். நீங்கள் வைத்திருக்கும் பழைய மீட்டர் இந்த வகையாக இருக்கக்கூடும். அப்படியானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தச் சென்சார் தான் அளக்கும் ஆக்சிஜனையே செலவழிக்கிறது. பீர் அதன் முன்னால் சீராக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டம் தளர்ந்தால் எண் குறையும். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. சவ்வையும் கரைசலையும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். சவ்வில் சுருக்கமோ உள்ளே காற்றுக்குமிழியோ இருந்தால் எண் நிலைக்காது. கவனமாகப் பராமரித்தால் இன்றும் நல்ல கருவிதான். அந்தக் கவனம் ஷிப்ட் மாறும்போது கைமாறுவதில்லை என்பதுதான் சிக்கல்.

இப்போது எல்லோரும் வாங்குவது ஒளி வழிச் சென்சார். சென்சார் முனையில் ஒரு சாயப் பூச்சு. அதன் மேல் ஒளிக் கீற்று விழுந்தால் சாயம் திருப்பி ஒளிரும். ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால் அந்த ஒளிர்வு சீக்கிரம் அணைந்துவிடும். எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் அணையும். இந்த உறவை ஸ்டெர்னும் ஃபோல்மரும் 1919-இல் சமன்பாடாக எழுதினார்கள். ஒளிர்வின் பிரகாசத்தைவிட அணையும் நேரத்தை அளப்பதால், சாயம் கொஞ்சம் தேய்ந்தாலும் எண் உடனே தடுமாறாது. ஆக்சிஜனைச் செலவழிப்பதில்லை, கரைசல் இல்லை, சவ்வு இல்லை. பூச்சுள்ள தொப்பியை அவ்வப்போது மாற்றினால் போதும். ஒன்றிரண்டு பி.பி.பி. வரை நம்பிப் படிக்கலாம். ஒரு எச்சரிக்கை உண்டு. பூச்சு தாங்காத கிருமிநாசினி மருந்துகள் சில உள்ளன. லைனில் குளோரின் டை ஆக்சைடு ஓடுகிறதென்றால், வாங்கும் முன்பே தொப்பி அதைத் தாங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மேலே சொன்னவை எல்லாம் கரைந்த ஆக்சிஜனை அளப்பவை. மொத்தத்தை நேராகவே அளக்கும் கருவிகள் தனி வகை. ஹாக் நிறுவனத்தின் ஓர்பிஸ்ஃபியர் 6110, ஆஸ்திரியாவின் ஆன்டன் பார் நிறுவனத்தின் டி.பி.ஓ. 5000 போன்றவை. பாட்டிலை உள்ளே வைத்தால் மூடியைத் துளைத்து, ஹெட்ஸ்பேஸில் இருப்பதையும் பீரில் இருப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு மொத்தத்தைக் கொடுத்துவிடும். ஆட்ட வேண்டாம், இசட் தேட வேண்டாம். ஆட்டுகிறவர் கை மாறுவதால் வரும் வேறுபாடு போய்விடும். ஹெட்ஸ்பேஸில் எவ்வளவு, கரைந்தது எவ்வளவு என்று பிரித்துத் தெரிந்தால் குற்றவாளியை உடனே பிடிக்கலாம். ஹெட்ஸ்பேஸ் பங்கு ஏறினால் ஜெட்டையும் கிரௌனரையும் பாருங்கள். கரைந்த பங்கு ஏறினால் ஃபில்லர் கிண்ணத்துக்கு முன்னால், பம்ப் சீல், பிரைட் பீர் டேங்க் (நிரப்பத் தயாரான பீர் நிற்கும் தொட்டி), பீரோடு கலக்கும் தண்ணீர் என்று பின்னோக்கிப் போங்கள். ஆனால் விலை கையடக்க மீட்டரைப் போலப் பல மடங்கு.

எந்த மீட்டரானாலும் துளைக்கும் கருவியிலும் குழாயிலும்தான் எண் கெடுகிறது. சிலிக்கோன் குழாய் பார்க்க நன்றாக வளையும், ஆனால் ஆக்சிஜன் அதன் சுவரைக் கடந்து தாராளமாக உள்ளே வரும். டெஃப்லான் குழாயும் நம்பத்தக்கதல்ல. துருப்பிடிக்காத எஃகு அல்லது நைலான் குழாய், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு. பீரைத் தள்ளப் பயன்படும் வாயு உயர் தூய்மையில் இருக்க வேண்டும். வெல்டிங் கடை சிலிண்டர் கூடாது. தள்ளும் வாயுவிலேயே ஆக்சிஜன் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள். முதலில் வரும் பீரைக் கழிவில் விட்டு, குழாயில் குமிழி ஏதும் இல்லை என்று பார்த்து, எண் இறங்கி நிலைக்கும்வரை காத்திருங்கள். இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் எண்ணை அவசரத்தில் எழுதுவது எல்லா ஆலைகளிலும் நடக்கிறது.

பூஜ்யம் சரியா என்பதை உயர் தூய்மை நைட்ரஜன் வைத்துப் பாருங்கள். நாம் வேலை செய்வது பூஜ்யத்துக்கு மிக அருகில். அங்கே 5 பி.பி.பி. பிசகினால் அது பெரிய பிழை. அளவீட்டின் மேல் எல்லையைக் காற்றில் வைத்துத் திருத்தும்போது காற்றழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். மதுரை கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே அழுத்தம் 1000 ஹெக்டோபாஸ்கல் அளவில் நிற்கும். அதே மீட்டரைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் 2,100 மீட்டர் உயரத்தில் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். மீட்டருக்குள் அழுத்தமானி இல்லையென்றாலோ, அது பழுதாகி இருந்தாலோ, திருத்தம் அதே அளவுக்குத் தவறிப்போகும். சென்னைப் பக்கத்து ஆலையில் மலை இல்லை என்றாலும், அழுத்தமானி சரியாகப் படிக்கிறதா என்று வானிலை நிலைய எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்ல பழக்கம். அந்த எண் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்டதா என்பதையும் பாருங்கள்.

இனி மதுரையில் நீங்கள் முகர்ந்த அந்த அட்டை வாடை. கடையில் பழைய முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்தால் வரும் காறலும் இதுவும் தூரத்துச் சொந்தம். இரண்டிலும் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனால் உடைந்து ஆல்டிஹைடுகள் ஆகின்றன. பீரில் பேர்போனது டிரான்ஸ்-2-நானெனல். 0.1 பி.பி.பி. அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் இதன் ஒரு பங்கு பாட்டிலில் பிறப்பதில்லை. மால்ட்டிலும் (முளைக்கவைத்து உலர்த்திய தானியம்) வோர்ட் (நொதிக்கவைக்கும் முன் உள்ள மால்ட் சாறு) தயாரிப்பிலும் உருவாகி, வேறு பொருள்களோடு பிணைந்து மறைந்திருந்து, பாட்டில் சூட்டில் இருக்கும்போது அவிழ்ந்து வெளியே வருகிறது. ஆகவே ஆக்சிஜனைப் பூஜ்யமாக்கினாலும் சூட்டில் கிடந்த பீர் பழசாகும். ஆக்சிஜன் கூடுதலாக இருந்தால் அந்த முதுமை பல மடங்கு வேகத்தில் வரும். நிறம் கறுக்கும், பீரில் சேர்க்கும் ஹாப் பூவின் மணம் போகும், கலங்கலும் வரும்.

நம் ஊர் வெயில் இந்தக் கணக்கில் மிகக் கொடியது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இந்த வினைகள் இரண்டு, மூன்று மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரிக்கும் சித்திரை மாத மதுரையின் 38 டிகிரிக்கும் நடுவே பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. சென்னைப் பக்கம் நிரப்பிய பாட்டில் தார்பாய் மூடிய லாரியில் 450 கிலோமீட்டர் வந்து, கிடங்கில் காத்திருந்து, கடைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் வழியாகத்தான்; ஆலை வாசலைத் தாண்டிய பிறகு பாட்டில் எத்தனை நாள் எந்தச் சூட்டில் கிடக்கிறது என்பது ஆலையின் கையில் இல்லை. ஆலையின் கையில் இருப்பது உள்ளே அனுப்பும் ஆக்சிஜன் மட்டுமே. குளிர்ந்த நாட்டு ஆலைக்கு 100 போதும் என்றால், அக்னி நட்சத்திரத்தில் மதுரைக்குப் பாட்டில் அனுப்பும் ஆலை 50-க்குப் பாடுபட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெயில் நேரடியாகப் பட்ட பாட்டிலின் நாற்றம் இதிலிருந்து வேறு. அது ஹாப்பில் உள்ள கசப்புப் பொருள்கள் ஒளியில் சிதைந்து வருவது, ஆக்சிஜன் மீட்டரில் பிடிபடாது. முகரும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூடியபின் மெல்ல நுழையும் ஆக்சிஜனும் உண்டு. கிரௌன் மூடியின் உட்புற லைனர் (மூடிக்குள் இருக்கும் மெல்லிய அடைப்புப் பட்டை) வழியாக நாள்தோறும் துளித் துளியாக வரும். திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்தும் பாட்டில்களில் விளிம்பு சில்லு தெறித்திருந்தால் மூடி சரியாகப் பிடிக்காது. நிரப்பிய உடனே அளந்தால் இது தெரிய வராது. இதற்கு ஜெர்மனியின் பிரீசென்ஸ் போன்ற நிறுவனங்கள் தரும் சென்சார் புள்ளிகள் நல்லவை. ஒளிரும் சாயம் பூசிய சிறு பொட்டைப் பாட்டிலின் உள்சுவரில் ஒட்டி, நிரப்பி, மூடி, வெளியிலிருந்து ஒளி பாய்ச்சிப் படிக்கலாம். பாட்டிலைத் திறக்காமல் அதே பாட்டிலை வாரக்கணக்கில் பின்தொடரலாம். பீரே ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருப்பதால், லைனர் எவ்வளவு விடுகிறது என்று பார்க்க, ஆக்சிஜன் நீக்கிய தண்ணீரை நிரப்பிப் பாருங்கள். இரண்டு வகை மூடிகளை ஒப்பிட வேண்டிய நாளில் இதற்கு இணையான கருவி இல்லை.

வாங்குவதைப் பற்றி என் யோசனை: நல்ல ஒளி வழிக் கையடக்க மீட்டர் ஒன்று, துளைக்கும் கருவி, இயந்திர ஆட்டி. இவை மூன்றும் இருந்தால் ஃபில்லருக்கு முன்னால் டேங்கிலும் குழாயிலும் அளக்கலாம், பாட்டிலிலும் அளக்கலாம். மொத்த ஆக்சிஜன் கருவி ஒன்று மட்டும் இருந்து கையடக்க மீட்டர் இல்லையென்றால், கரைந்த பங்கு ஏறும்போது அது எங்கே ஏறுகிறது என்று தேட முடியாது. அதனால் முதல் பணம் கையடக்கத்துக்குத்தான். லைன் பெரியது, மூன்று ஷிப்ட் ஓடுகிறது, ஆள் மாறுகிறார்கள் என்றால் மொத்தக் கருவி தன் விலையைச் சம்பாதித்துக் கொடுத்துவிடும். எதை வாங்கினாலும் தொப்பி, ஊசி, சீல் வளையம் ஆகியவை எத்தனை நாளில் கிடைக்கும், சர்வீஸ் ஆள் எங்கிருந்து வருவார் என்பதை விலைக்கு முன்னால் கேளுங்கள்.

ஆலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஒரே வால்வில் நிரம்பிய பாட்டில்களைக் கிரௌனரை அடுத்து எடுத்து, பாதியை ஆட்டியும் பாதியை ஆட்டாமலும் அளந்து இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அதே வால்வின் வேறு சில பாட்டில்களில் அடையாளம் வைத்து பாஸ்டரைசர் வழியாக விட்டு, வெளியே வந்ததும் ஆட்டி அளந்து மூன்றாவது எண்ணாக எழுதுங்கள். மேலாளரிடம் அந்தத் தாளைக் காட்டினால் போதும். மாதிரி எடுக்கும் இடத்தை மாற்ற அவரே சொல்வார்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் இன்னொன்று. மதுரையில் வாங்கிய பாட்டிலின் லேபிளில் இருக்கும் பேட்ச் எண்ணையும் தயாரிப்புத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே பேட்ச்சில் திறக்காத பாட்டில் இரண்டை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். ஆலையில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சேமித்து வைக்கும் மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே அளவு குளிரவைத்து, எது எது என்று தெரியாதபடி ஊற்றிக் கொடுத்து, ஐந்தாறு பேரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் அட்டை வாடை இருந்தால் ஜெட், கிரௌனர், ஃபில்லர் என்று லைனில் இறங்குங்கள். மதுரைப் பாட்டிலில் மட்டும் இருந்தால், சேமித்த மாதிரியில் சிலவற்றை 40 டிகிரியில் ஒரு வாரம் வைத்து மறுபடி முகருங்கள். வாடை அப்போது வந்தால், உங்கள் பீர் நம் ஊர்ச் சூட்டைத் தாங்கவில்லை என்று பொருள். ஆக்சிஜன் எல்லையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு அந்தப் பாட்டிலே சான்று.